ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய்

நெல்லிக்காயை ஞாயிற்றுக்கிழமையில் தின்னக்கூடாது. நம் வாசகிகளில் பாதிப் பேருக்கு இது அம்மா வாயால் கேட்டுத் தெரிந்த சங்கதி. மீதிப் பேர் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். வசுமதிக்குத் தெரியாது. அதுதான் இந்த வாரத்துக் கதை.

முன் வாரங்களை விட்டவர்களுக்காக நாலு வரி. கல்கத்தா பவானிபூரில், இரண்டாம் மாடியில், அண்ணா கோவிந்தராஜன் வீட்டில் ஆறு வருஷமாக இருக்கிறாள் வசுமதி. வயது முப்பத்தொன்று. தாலி கட்டிய பட்டாபிராமன் துர்காபூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். போக்கிடம் இல்லாமல் வந்தவளுக்கு அண்ணா ஒரு கட்டிலைக் கொடுத்தார். மன்னி சாவித்ரி அடுப்பைக் கொடுத்தாள்.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. காளிகாட் பக்கம் உத்தியோகம் பார்க்கும் தமிழ்ப் பெண்களுக்கென்று நடக்கும் விடுதிக்கு ஒரு மேட்ரன் வேண்டும். சம்பளத்தோடு தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி. விடுதித் தலைவி ஜெயலக்ஷ்மி அம்மாள் கடிதம் எழுதியிருந்தாள். யாரோ புண்ணியவான் விடுதிக்குப் பெரிய ஓவன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். சாம்பார், ரசம் எல்லாரும் வைப்பார்கள், முட்டை சேர்க்காமல் அந்த ஓவனில் என்ன செய்யத் தெரியும் என்று பார்க்க ஞாயிறு மூன்றரை மணிக்கு வருகிறேன் என்று.

வசுமதிக்குத் தெரியும். கீழ் வீட்டில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய மிஸஸ் டிகாஸ்டா, போகும்போது தன் வட்ட அலுமினிய ஓவனையும் புளிப்புப் பழ டார்ட் செய்யும் கைப்பழக்கத்தையும் அவளிடம் விட்டுப் போயிருந்தாள்.

எலுமிச்சம்பழத்தில் செய்வதாகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை ஜகுபாபு பஜாரிலிருந்து திரும்பிய சாவித்ரிதான் பையைக் கவிழ்த்தாள். அரை கிலோ நெல்லிக்காய் தரையில் உருண்டது.

"எலுமிச்சை என்னத்துக்குடி? ஜெயலக்ஷ்மி மாமிக்கு நெல்லிக்காய்னா உசிரு. இதுல பண்ணு."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. மாமிக்கு நெல்லிக்காய் என்றால் உயிர்தான், மற்ற ஆறு நாளும்.

தாயார் போனபோது வசுமதிக்கு இரண்டு வயது. வளர்த்தது ஆபீஸ் குமாஸ்தா அப்பாவும் மாசி, மாசி என்று அவள் கூப்பிட்ட அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்களும். அவளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். எந்தக் கிழமையில் எது ஆகாது என்று சொல்லித்தர ஆள் இல்லை. இந்த வீட்டில் சாவித்ரி வாங்கி வருவதைச் சமைப்பாள், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஆறு மணி. பின் வராந்தாவில் பாத்திரம் நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கையிலேயே கிடந்தாள் சாவித்ரி. ஜனவரிக் குளிரில் இரண்டு முழங்காலும் விண் விண் என்று தெறித்தன.

அவளைப் பிறவி ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவள். ஒரே மகள் கல்யாணமாகி டெல்லி போய்விட்டாள். வசுமதியும் போய்விட்டால் விடியற்காலையில் கரி அடுப்பு மூட்டுவது யார்? குழாயில் தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்துக்குள் முப்பத்தாறு படி ஏறி இறங்கி வாளி சுமப்பது யார்? இந்த முழங்காலை வைத்துக்கொண்டு? பயந்தவர்கள் செய்யும் கொடுமைக்கு ராட்சசர்கள் கிட்டே வர முடியாது.

ஏழு மணிக்குக் காபியோடு வராந்தாவுக்கு வந்தார் கோவிந்தராஜன். இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிய நெல்லிக்காய்கள் வெந்து, சுளை சுளையாகப் பிரிந்து தட்டில் கிடந்தன.

"என்ன வசு இது, நெல்லிக்காயா? இன்னிக்கா?"

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த சாவித்ரியின் கை சீப்போடு நின்றது.

"ஆமாண்ணா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. இவ்வளவு புளிப்பை வச்சு வேலை கேக்கப் போறியேன்னு பாத்தேன்." தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்துக்கொண்டார். "புருஷனை வச்சுக்கத் தெரியலை, மேட்ரன் வேலையையாவது வச்சுக்கோ. நான் அலிப்பூர் போறேன், சேஷாத்ரியாத்துல பிரிட்ஜ் சீட்டாட்டம். சாப்பாடு அங்கேதான்."

வசுமதி தட்டைத் துணியால் மூடினாள். இந்த மாதிரி பேச்சுக்கு ஆறு வருஷத்தில் காது மரத்துவிட்டது. சாவித்ரி மறுபடி தலை வார ஆரம்பித்தாள்.

பத்து மணி சுமாருக்குப் பாகு வாசனை வீடு முழுக்கப் பரவியது. பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் பேரீச்ச வெல்லத்தை, நோலன் குர் என்பார்களே, அதைக் காய்ச்சி, நெல்லிச் சுளைகளைப் போட்டு, இரண்டு கிராம்பும் ஏலக்காயும் தட்டிப் போட்டிருந்தாள். மைதாவில் வெண்ணெயை உதிர்த்து, பானைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்த மாவு ஈரத்துணிக்குள் இருந்தது.

கரண்டியில் கொஞ்சம் பாகும் ஒரு சுளையுமாக ஊதி ஆற்றிக்கொண்டே வந்தாள் வசுமதி.

"மன்னி, கையை நீட்டுங்கோ. இனிப்பு போறுமான்னு ஏக்டு... கொஞ்சம் பாருங்கோ."

இது அந்த வீட்டு வழக்கம். ஆறு வருஷத்தில் சாவித்ரியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழாமல் எந்தக் குழம்பும் இலைக்குப் போனதில்லை. நக்கிப் பார்த்து, 'உப்பு கம்மி' என்றோ 'காரம் ஜாஸ்தி' என்றோ ஒரு குறை சொன்னால்தான் அவளுக்குச் சமையல் முடிந்தது போல இருக்கும்.

இன்றைக்கு அந்தக் கை நீளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே! நாத்தனாரைக் குழியில் தள்ளலாம், நெல்லிக்காயை நாக்கில் வைக்கலாமா? சாவித்ரியின் ஆசாரம் அப்படிப்பட்டது.

"வேண்டாம்டி. வாய் கசக்கறது. உடம்பு ஒரு மாதிரி இருக்கு."

வசுமதியின் முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடலையே. முழங்கால் வலியா? படுத்துக்கோங்கோ" என்று சொல்லிப் போனவள், டார்ட்டை அப்படியே போட்டுவிட்டு மிளகுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"மன்னி, நான் அங்கே போனாலும் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து தேச்சு விடறேன். காளிகாட் என்ன தூரம்? நடந்தே வந்துடுவேன். தண்ணி தூக்க ஆள் பாத்து வச்சுட்டுத்தான் போவேன்."

சாவித்ரி பாதி எழுந்து உட்கார்ந்தாள். 'அடி அசடே, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி, எலுமிச்சம்பழம் ரெண்டு இருக்கு, அதுல மாத்திப் பண்ணு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் எதிர்ச் சுவரோரம் வசுமதியின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி கண்ணில் பட்டது. ஆறு வருஷத் தூசியைத் துடைத்து, மூடியில் புதிதாக வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியிருந்தாள். வசுமதி. புருஷன் பெயரும் இல்லை, அண்ணா பெயரும் இல்லை.

இன்னும் வேலையே கிடைக்கவில்லை. அதற்குள் பெட்டி கிளம்பிவிட்டதா? அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது அங்கே, அப்படி என்ன குறைந்துவிட்டது இங்கே?

திறந்த வாய் மூடிக்கொண்டது. "போறும் தேச்சது. போய் உன் காரியத்தைப் பாரு" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு டார்ட் ஓவனுக்குள் போயிற்று. மாவைத் தகரத் தட்டில் பரப்பி, நெல்லிப் பாகை நிரப்பி, மேலே மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தாள். ஓவன் மூடியில் இருந்த சிறு கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போயிற்று.

கல்கத்தாவில் லோட் ஷெட்டிங் ஒன்றும் புதிதில்லை. போனால் மூன்று மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம். அணைந்த விளக்கையும் இருண்ட ஓவனையும் பார்த்த சாவித்ரிக்கு அப்பாடா என்றிருந்தது. பாதி வெந்த மாவை யாரும் தின்னப் போவதில்லை. தன் கைக்குப் பாவமில்லாமல் எலெக்ட்ரிக் கம்பெனியே காரியத்தை முடித்துவிட்டது என்று சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தாள்.

"போனா போறதுடி. கேசரி கிளறிடு. மாமி புரிஞ்சுப்பா."

"கேசரி எல்லாரும் கிளறுவா மன்னி. அதுக்காகவா மாமி வரா?"

வசுமதி புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். முப்பத்தாறு படி இறங்கினாள். பாதாள ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு வாளி மணலை அள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். கனமான அலுமினிய டேக்சாவில் மணலைப் பரப்பி, வாளி அடுப்பின் மேல் ஏற்றி, குல் என்கிற கரித்தூள் உருண்டைகளைப் போட்டு விசிறினாள். மணல் சூடேறியதும் தட்டை அதன்மேல் இறக்கி, மூடி, மூடியின் மேலும் தணலை வாரி வைத்தாள். புகையில் கண் சிவந்துவிட்டது. விரல் நுனியில் கொப்புளம் ஒன்று கிளம்பியது.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் தள்ளினாள். பொன்னிறம். பின்னலுக்கு நடுவே பாகு கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஓவனில் வைத்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

"மன்னி! வந்துடுத்து மன்னி! பாருங்கோ!" சின்னக் குழந்தை போல அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

பார்த்தாள் சாவித்ரி. அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம்தான். விதியே கொடுத்த தப்பிக்கும் வழியை மணலைச் சுமந்து வந்து அடைத்துவிட்டாளே, இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மூன்றரை அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜெயலக்ஷ்மி அம்மாள் வந்தாள். அறுபது வயது, ஒன்பது கஜம், கையில் தாழம்பூ நிறக் குடை. தோண்டிய பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்து வந்ததில் புடவை ஓரத்தில் சேறு. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தேய்த்து வைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். வசுமதியின் விரல் கொப்புளத்தையும் பார்த்தாள்.

"கரண்ட் இல்லாம எப்படிப் பண்ணினே?"

வசுமதி மணல் சங்கதியைச் சொன்னாள். மாமியின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "பேஷ். எங்க விடுதிலயும் கரண்ட் அழகு இதேதான். முட்டை கிட்டை இல்லையே?"

"இல்லை மாமி. வெண்ணெய் மட்டும்தான்."

"கொண்டா பாக்கலாம்."

வசுமதி துண்டம் போட்டு, வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினாள். மாமி மூக்கருகே கொண்டுபோய் வாசனை பிடித்தாள். ஒரு விள்ளல் பிட்டும் விட்டாள்.

"என்ன பழம்டி இது, இவ்வளவு மணமா?"

"நெல்லிக்காய் மாமி. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு..."

வாயருகே போன கை அப்படியே இறங்கியது. மாமி அந்த விள்ளலைத் தட்டில் போட்டுவிட்டுத் தட்டையும் தள்ளி வைத்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ரொபிபார்... ஞாயித்துக்கிழமை மாமி."

"ஞாயித்துக்கிழமை நெல்லிக்காய் கண்ணால பாத்தாலே ஆகாதும்பா எங்கம்மா. லக்ஷ்மி ஆத்தை விட்டுப் போயிடுவா. நீ தட்டுல வச்சு நீட்டறே!"

வசுமதிக்கு எதுவும் புரியவில்லை. விழித்தாள். மாமியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், கடைசியில் மன்னியைப் பார்த்தாள்.

மாமியும் அந்தப் பக்கம் திரும்பினாள். "அவதான் இந்த ஊர்ல பொறந்தவ, தெரியலை. நீ பெரியவ ஒருத்தி இருக்கியே சாவித்ரி, சொல்ல மாட்டியா?"

'எனக்கும் ஞாபகம் இல்லாமப் போயிடுத்து மாமி' என்று சாவித்ரி சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கும்பகோணத்தில் தன்னை வளர்த்தவர்களுக்கல்லவா அவப்பெயர்? கும்பகோணத்துப் பெண்ணுக்குக் கிழமை தெரியாதா?

"சொல்லாம இருப்பேனா மாமி? தலை தலையா அடிச்சுண்டேன். இந்தக் காலத்துல அதெல்லாம் யார் பாக்கறான்னு கேட்டுட்டா. அம்மா இல்லாத பொண்ணு, நான் எவ்வளவுதான் சொல்றது?"

வசுமதி வாயைத் திறந்தாள். மாமி சாவித்ரியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அப்போ நீ ருசி பாக்கலையா?" என்றாள் மாமி, சாதாரணமாக.

"சிவ சிவா! ஞாயித்துக்கிழமை நான் எப்படி மாமி அதைத் தொடுவேன்? கரண்டியோட வந்து கையை நீட்டுன்னா. மாட்டவே மாட்டேன்னுட்டேன்."

"வாய் கசக்கறதுன்னேளே மன்னி."

வசுமதிதான். சண்டைக்குச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு தப்பிப்போன குழந்தை மாதிரி மெதுவாகச் சொன்னாள். "காலம்பற. வாய் கசக்கறது, உடம்பு ஒரு மாதிரி இருக்குன்னேள். கஷாயம் வச்சுக் கொடுத்தேனே."

கீழே யாரோ ரிக்‌ஷாக்காரன் மணியைத் தட்டிக்கொண்டு போனான்.

ஜெயலக்ஷ்மி அம்மாள் விடுதியில் நாற்பத்திரண்டு பெண்களின் பொய்களைக் கேட்டுப் பழகியவள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெல்லிக்காயை யார் வாங்கி வந்தது என்றுகூட அவள் கேட்கவில்லை.

சாவித்ரிக்குக் காது மடல் சுட்டது. வேலை கிடைத்துவிடும், அதோடு நம் மானமும் போகும் என்று நினைத்தாள்.

ஆனால் மாமி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வசுமதி, நேக்குப் புரியாம இல்லை. உன் மேல தப்பில்லை. இந்த மாதிரி பட்சணம் பண்ண கல்கத்தாவுலயே ஆள் கிடையாது. ஆனா மேட்ரன் வேலை சமையல் மட்டும் இல்லைம்மா. எட்டு மணிக்குள்ள வரவேண்டியவ ஒன்பதுக்கு வந்து, நெஞ்சுல கை வச்சுப் பொய் சொல்லுவா. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்கணும். ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவ மூஞ்சியைப் படிக்கத் தெரியலை நோக்கு. நாப்பத்திரண்டு பேரை உன்கிட்ட எப்படி நான் விடறது?"

பிறகு சாவித்ரியிடம் திரும்பினாள். "கெட்டிக்காரச் சமையக்காரி கெடச்சிருக்கா நோக்கு. ஜாக்கிரதையா வச்சுக்கோ."

வசுமதி அழுவாள் என்று எதிர்பார்த்தாள் சாவித்ரி. அவள் அழவில்லை. "பலகை வழுக்கும் மாமி, ரோடு வரைக்கும் வரேன்" என்று கூடவே இறங்கினாள்.

சாவித்ரி மாடிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழ்த் திருப்பத்தில் மாமி நின்றாள். வசுமதியின் தோளில் கை வைத்து, குனிந்து, ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தைகூட மேலே கேட்கவில்லை. வசுமதி ஒரு தடவை தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஆட்டினாள்.

ரோடு வரை போனவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எங்கே போனாள், ஏன் போனாள், சொல்லவில்லை. வந்தாள், கைகால் கழுவினாள், அடுப்புப் பக்கம் போனாள். கரண்ட் வந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜெயித்தவளுக்கு ஏன் கண் அடிக்கடி அடுப்புப் பக்கம் போகிறது என்று சாவித்ரிக்குத் தெரியவில்லை. மேஜைமேல் டார்ட் அப்படியே இருந்தது. மாமிக்கு வைத்த ஒரே ஒரு துண்டம்தான் குறைந்திருந்தது.

"அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போடேன் வசு."

"வேண்டாம் மன்னி. விடிஞ்சா திங்கக்கிழமைதானே? உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சிருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. சாவித்ரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆறரை மணிக்கு டிபன் வந்தது. ஆவி பறக்கும் உப்புமா, பக்கத்தில் சட்னி. வசுமதி தட்டை வைத்துவிட்டு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முன்னால் தட்டு இல்லை. இன்றைக்கு அடுப்பிலிருந்து இறக்கியதும் கரண்டியோடு அவள் வரவும் இல்லை, கையை நீட்டுங்கோ என்று சொல்லவும் இல்லை.

சாவித்ரி ஒரு கவளத்தை உருட்டினாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் நிறுத்தினாள்.

"நீ சாப்பிடலையா?"

"வாய் கசக்கறது மன்னி. உடம்பு ஒரு மாதிரி இருக்கு."

உருட்டிய கவளம் சாவித்ரியின் விரல்களிலேயே இருந்தது. நாளைக் காலையும் இவள் கையால்தான் காபி. மத்தியானமும் இவள் கையால்தான் குழம்பு. இவள் போகக்கூடாது என்றுதானே இத்தனையும்?

"படியில மாமி உன்கிட்ட என்னடி சொன்னா?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

வசுமதி அவள் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பாடப் புத்தகத்தைப் படிப்பது போல நிதானமாக, நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தாள்.

"உப்புமா ஆறிண்டிருக்கு மன்னி" என்றாள். "சாப்பிடுங்கோ."